வட ஆற்காட்டில் பாட்டன், பூட்டனைத் தேடுவது எப்படி? ஊரிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் வகையறாவில் நான்கு முனுசாமிகள். என் தாத்தா ஒரு முனுசாமி. அவருடைய தாத்தா ஒரு முனுசாமி. தாத்தாவின் பெரியப்பா மகன் மூன்றாமவர். கடைசித் தெருவில் பங்காளி முறையாகும் ஒருவர் நான்காமவர். 1931-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கைக்கு வந்தபோது, அதில் கைநாட்டு வைத்த முனுசாமி இந்த நால்வரில் யார் என்று தெரிய எனக்கு ஏழு மாதம் ஆனது. கடைசியில் அவரை அடையாளம் காட்டியது ஒரு கிணறு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் பூட்டனைத் தேடும்போது குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. ஆகவே பெயரை வைத்துத் தேடினால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவீர்கள். நம் பக்கத்து அரசாங்கக் காகிதமெல்லாம் கிராமத்தின் பெயரிலும் சர்வே நம்பரிலும் அடுக்கப்பட்டவை. முதலில் ஊரைப் பிடியுங்கள், அடுத்து நிலத்தை. ஆள் தானாக வெளியே வருவார்.

முதலில் வீட்டுப் பரண்

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி ரசீது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் எல்லோருக்கும் தோன்றுபவை. பலரும் தவறவிடுவது மொய் நோட்டு. 1968-ல் எங்கள் அத்தை கல்யாணத்துக்கு எழுதிய நோட்டு ஒன்று அகப்பட்டது. நாற்பது பக்கம், வயலட் மை. முதலில் தாய்மாமன் சீர், பிறகு ஊர்வாரியாகப் பெயர்கள்: "ஒடுகத்தூர், சின்னப்பையன் மகன் கோவிந்தசாமி, ரூ. 2." யார் மகன் என்று எழுதாவிட்டால் திருப்பிச் செய்யும்போது குழப்பம் வரும் என்பதால், எழுதியவர் ஒவ்வொருவருக்கும் அப்பா பெயரோ தெருப் பெயரோ போட்டிருக்கிறார். எங்களுக்கு யார் யார் உறவு, எந்தெந்த ஊரில் பெண் எடுத்தோம், கொடுத்தோம் என்பதற்கு இதைவிட நல்ல ஜாபிதா எந்த அலுவலகத்திலும் கிடைக்கவில்லை.

கருமக்கிரியைப் பத்திரிகையையும் தூக்கிப் போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரிய மனிதர் பெயர்களுக்கு இடம் போய்விடும். காரியப் பத்திரிகையில்தான் மகன், மகள், மருமகன், பேரன், பங்காளி என்று முறைப்படி வரிசை இருக்கும்.

அடுத்து வயசானவர்கள். "உங்களுக்கு எத்தனை வயசு, எந்த வருஷம் பொறந்தீங்க" என்று கேட்டால் பதில் வராது. நடந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். எங்கள் சின்னப்பாட்டி சொன்னது: "பாலாத்துல வெள்ளம் வந்து வாணியம்பாடிய அடிச்சிக்கினு போச்சாமே, அப்ப எங்க மாமியா கைக்கொழந்தையாம்." பாலாற்று வெள்ளம் 1903 நவம்பரில். ஆக மாமியார் பிறப்பு 1902, 1903 வாக்கு. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876–78. விஷக்காய்ச்சலில் ஊரே படுத்தது என்றால் 1918. பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆண்கள் நிலச் சண்டையை நினைவில் வைத்திருப்பார்கள். எந்தக் குழந்தை எத்தனை நாளில் செத்தது என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

பெயரே ஒரு தடயம். குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் இருந்தால், அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று அர்த்தம். குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து, அல்லது பிச்சையாக வாங்கி வைக்கிற பெயர்கள் இவை. அந்த ஆளின் பிறப்புக்கு முந்தைய ஐந்தாறு வருஷ இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். பச்சையம்மாள், ரேணு, கங்கம்மா, ஏழுமலை, உண்ணாமலை என்பவை குலதெய்வத்தையோ வேண்டுதலையோ காட்டும். ரேணு, ரேணுகா என்று தலைமுறைதோறும் வந்தால் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனுக்கு முடி இறக்கும் குடும்பமாக இருக்கலாம். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் பல சமயம் பழைய பூர்வீக ஊர். இப்போதைய ஊருக்கு எங்கிருந்து வந்தோம் என்று தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஊர் என்றால் எந்த ஊர்?

நாம் ஊர் என்று சொல்வது பல சமயம் குக்கிராமம், அதாவது ஒரு வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்த கொல்லைமேடோ காலனியோ மோட்டூரோ. பதிவேடு முழுக்க வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். பட்டாவிலோ வில்லங்கச் சான்றிலோ எழுதியிருக்கும் கிராமப் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜில்லா. இங்கேதான் வெளியூர்க்காரர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து தேடுபவர்கள், வழி தவறுகிறார்கள். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவானது. சித்தூர், பலமனேர், சந்திரகிரி, திருத்தணி எல்லாம் அந்தப் பக்கம் போயின. கலெக்டர் கச்சேரி வேலூருக்கு வந்தது. அதே சமயம் சேலத்திலிருந்து திருப்பத்தூரும், தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆற்காட்டில் சேர்ந்தன. 1960-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து திரும்பி வந்தது, ஆனால் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது.

ஆக உங்கள் பூட்டனார் 1905-ல் திருப்பத்தூரில் பிறந்திருந்தால் பழைய ஜில்லாக் காகிதம் சேலம் கணக்கில் இருக்கும். 1905-ல் குப்பம் பக்கம் இருந்தவர் வட ஆற்காட்டுக்காரர். எந்த வருஷத்துக்கு எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலக் காகிதத்தில் வந்தவாசி 'வாண்டிவாஷ்' என்றும் திருப்பத்தூர் 'திரிபத்தூர்' என்றும் நிற்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

சென்சஸில் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பை நூறு வருஷம் கழித்து 2022-ல் திறந்தார்கள். அமெரிக்காவில் 72 வருஷம் கழித்து 1950-ஆம் வருஷத்தாள்கள் வெளியாயின. நம் ஊரில் 1871 முதல் தலை எண்ணியிருக்கிறார்கள்; 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க ஒரே சமயத்தில் நடந்தது. ஆனால் வீடுவீடாக எழுதிய தாள்கள் எண்ணி முடித்ததும் கழிக்கப்பட்டன. 1948-ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது என்கிறது. 'இந்திய சென்சஸில் உங்கள் முன்னோர்' என்று காசு கேட்கும் இணையதளம் எதையாவது பார்த்தால் கும்பிடு போட்டு நகருங்கள்.

அதற்காக சென்சஸ் பயனற்றது என்றில்லை. 1951 முதல் வந்த மாவட்ட சென்சஸ் கையேடுகளில் கிராமவாரியாகப் பரப்பு, வீடுகள், ஜனத்தொகை இருக்கின்றன. சென்சஸ் துறையின் இணையதளத்தில் பழைய கையேடுகள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊரில் 1951-ல் தொண்ணூறு வீடு என்று தெரிந்தால், இறப்புப் பதிவேட்டில் இரண்டு கோவிந்தசாமி வரும்போது எவ்வளவு பதற வேண்டும் என்று கணக்குப் போடலாம். பழைய அறிக்கைகள் வேறு விதத்தில் பேசும். 1871-ல் வட ஆற்காட்டில் 20 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனம் 1881-ல் 18 லட்சமாகக் குறைந்திருக்கிறது. நடுவில் தாது வருஷம். உங்கள் வம்சக்கொடி 1877 வாக்கில் சட்டென்று அறுந்து, ஒரே ஒரு ஆளிலிருந்து மறுபடி தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெயரோடு கூடிய 'சென்சஸ்' வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலுக்குப் போங்கள். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் உண்டு. 2025 இறுதியில் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 பட்டியல்களில் தாத்தா பெயரைத் தேடி ஊரே அலைந்தது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் ஒரே வீட்டு எண்ணில் இருப்பவர்களை மொத்தமாக எழுதி எடுங்கள். 1920-களில் பிறந்த கிழவர்களும் கிழவிகளும் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவேடு

சென்னை ராஜதானியில் 1899-ல் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1969. கிராமத்தில் எழுதியவர் கிராம முன்சீப், அதாவது ஊர் நிர்வாகத்தைப் பார்த்தவர். தலையாரி வந்து சொல்ல, அவர் தன் கையெழுத்தில் எழுதுவார். 1980-ல் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டு அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) வந்தது. நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். கிராமங்களின் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். சிலது தாலுகா அலுவலகத்திலேயே தங்கிவிட்டிருக்கும். 2018-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு இணையத்திலேயே சான்று எடுக்கலாம். நம் வேலைக்கு அது உதவாது.

விண்ணப்பத்தில் கிராமம், தாலுகா, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை தேட வேண்டும், தகப்பன் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். தேடுகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணம் உண்டு. 'சுமார் 1910' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யாரும் தேட மாட்டார்கள். சின்னப்பாட்டியிடம் சம்பவம் கேட்டுக் கணக்குப் போட்டது இதற்குத்தான்: ஐந்து வருஷ இடைவெளிக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள்.

பக்கத்தைப் பார்த்ததும் முதல் அதிர்ச்சி, குழந்தைக்குப் பெயர் இருக்காது. என் தாத்தாவின் 1914 பதிவில் தேதி, 'ஆண்', தகப்பன் பெயர், தாயார் பெயர், ஜாதி, தொழில், அவ்வளவுதான். பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவதால் இப்படி. தாயார் பெயரைப் பார்த்ததும் பாக்கியெல்லாம் மறந்துபோனேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர் அது. பட்டாவில் அவள் இல்லை, பத்திரத்தில் இல்லை, கல்லறைக்கல் கிடையாது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் இருந்தாள்.

இறப்புப் பதிவில் பெயர் இருக்கும், ஆனால் வயதை நம்பாதீர்கள். 50, 60, 70 என்று முழு எண்ணாக வந்தால் முன்சீப் உத்தேசமாகப் போட்டது. காரணம் என்ற கட்டத்தில் வாந்திபேதி, வைசூரி, சுரம் என்று இருக்கும். 1918 அக்டோபர், நவம்பர் பக்கங்களைப் புரட்டினால் வரிசையாகச் சுரம், சுரம், சுரம். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர். அந்த இரண்டு மாதத்தை யாருடைய தேடலிலும் விட்டுவிட வேண்டாம்.

ஓர் அலுவலகத்தில் 1904 முதல் 1911 வரை கறையான் அரித்துவிட்டது என்றார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, அதே பதிவேடு பீரோவுக்கு மேல் கட்டாக இருந்தது. அப்போதே எழுத்தில் பதில் வாங்காதது என் தப்பு. 'பதிவு இல்லை' என்றால் அதற்கும் சான்று கேளுங்கள். சான்று எழுத உட்கார்ந்தால்தான் தேடிப் பார்க்கத் தோன்றும். வேலை நடக்காவிட்டால் பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், 'இன்ன கிராமத்தின் இன்ன வருஷத்துப் பதிவேடு தற்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் பத்தும் மழுப்பலாக வரும்.

கல்யாணப் பதிவை எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கட்டாயமானது 2009 சட்டத்தால்தான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பத்திரம் படிக்கும் முறை

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். வில்லங்கச் சான்று பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 வாக்கிலிருந்து பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்கு நேரில் மனுப் போட வேண்டும். பத்திரப் பதிவு 1860-களிலிருந்தே நடக்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம் என்று பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அட்டவணை இரண்டு: ஒன்று ஆட்களின் பெயர்வாரி, மற்றது கிராமம், சொத்துவாரி. சொத்து அட்டவணையைக் கேளுங்கள். உங்கள் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்றும் விசாரியுங்கள், எல்லை மாறியிருக்கும்.

பழைய பத்திரத்தின் தொடக்கம் இப்படிப் போகும்: "வட ஆற்காடு ஜில்லா வேலூர் தாலூகா மேற்படி கிராமத்திலிருக்கும் சின்னப்பையன் குமாரர் விவசாயம் முனுசாமி அவர்களுக்கு..." இந்த ஒரு வரியில் இரண்டு தலைமுறை. "எனக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" என்று வந்தால் நிலம் அப்பன், பாட்டன் வழி வந்தது. "கிரயமாய்ப் பெற்ற" என்றால் முந்தைய பத்திரத்தின் நம்பர் உள்ளேயே இருக்கும், அதைப் பிடித்துப் பின்னால் போகலாம். பாரியாள் (மனைவி), குமாரத்தி (மகள்), சுவீகார புத்திரன் (தத்துப்பிள்ளை) என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நிறுத்திப் படியுங்கள்.

பாகப்பத்திரம் கிடைத்தால் யோகம். அண்ணன் தம்பி எல்லோரும், செத்தவரின் பிள்ளைகள், அவர்களில் மைனர்கள், மைனர்களுக்குக் கார்டியனாகத் தாயார், அவர்கள் வயது எல்லாம் ஒரே காகிதத்தில் இருக்கும். நான்கெல்லையைச் சொத்து விவரம் என்று தாண்டிப் போகாதீர்கள். 'கிழக்கே சின்னப்பையன் நிலத்துக்கும், வடக்கே மேற்படியார் தம்பி நிலத்துக்கும்' என்று வரும். ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து பிரிந்ததால், பக்கத்து நிலக்காரர்களில் பாதிப்பேர் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள்.

தேதியில் தமிழ் வருஷம் இருந்தால் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. பிலவ என்றால் 1901-ஆ, 1961-ஆ என்று முத்திரைத்தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ராஜா, ராணி தலையா, மூன்று சிங்கமா என்பது போதும்.

நிலக் கணக்கு

இன்றைய பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் மூலக் கணக்கு) மூன்றும் அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். அங்கே இருக்கும் சர்வே நம்பர் புது நம்பராக இருக்கலாம். 1979-லிருந்து எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் தயாரான அ-பதிவேட்டில் பழைய நம்பரும் புது நம்பரும் சேர்ந்தே இருக்கும். அந்தப் பக்கம்தான் பாலம். பழைய நம்பர் கிடைத்ததும் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டைக் கேளுங்கள். ஆங்கிலமும் தமிழுமாக அச்சடித்ததை 'டிக்ளாட்' என்பார்கள். அதில் பட்டாதார் பெயர் வரும்.

வருஷம் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள், ஜூலை முதல் மறு ஜூன் வரை. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

எப்போது போவது? மே, ஜூன் வாக்கில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை, நடக்கும். அப்போது வி.ஏ.ஓ.க்கள் எல்லோரும் கிராமக் கணக்கைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வருவார்கள். மற்ற நாளில் நான்கு முறை அலைந்து பார்க்க முடியாத ஆளை அன்று ஒரு பந்தல் அடியில் பார்க்கலாம். தேநீர் இடைவேளைக்கு முன் போகாதீர்கள்.

உங்கள் ஊர் ஆரணி ஜாகீர் போன்ற ஜமீனுக்கு உட்பட்டதாக இருந்தால், 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு செய்த செட்டில்மெண்டிலிருந்துதான் அரசுக் கணக்கு முறையாகத் தொடங்கும். இனாம் நிலமாக இருந்தால் அதிர்ஷ்டம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் 1860-களில் தயாரித்த பதிவேட்டில், மானியம் யார் கொடுத்தது, முதலில் வாங்கியவர் யார், பழைய பசலிக் கணக்கில் யார் பெயர், பதிவின்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இனாம் என்றாலே பிராமணர், கோயில் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். தலையாரி, வெட்டியான், தச்சர், வண்ணார், நாவிதர் என்று ஊர்ச் சேவைக்கு மானியம் பெற்ற குடும்பங்களும் அதில் உண்டு.

நிலமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதில் பாதி, நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான். சேரியில் பிறந்தவர்களின் பூட்டனாரைப் பட்டாவில் தேடச் சொல்வது கேலி. பஞ்சமி நிலம் என்று 1892-க்குப் பிறகு தலித் மக்களுக்குக் கொடுக்கப்பட்டவை அ-பதிவேட்டில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பு) குறிப்போடு இருக்கும். பல இடத்தில் அனுபவிப்பவர் பெயர் எப்போதோ மாறியிருக்கும். பழைய பெயரைக் கண்டுபிடிப்பது வம்சக்கொடிக்கு மட்டும் உதவுகிற விஷயமல்ல. பழைய காகிதங்களில் இன்று வாயில் எடுக்கக் கூடாத சாதிச் சொற்கள் வரும். அடையாளத்துக்காக அப்படியே குறித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் உழைக்கப் போன இடமெல்லாம் இவர்களை எழுதி வைத்திருக்கிறது. வேலூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போகாத சேரி குறைவு. கடல் கடந்தவர்களுக்கு இன்னும் நல்ல காகிதம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனில் இறங்கிய முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து போனது. 1911 வரை நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடல் அடையாளம். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் ஆள் போனது. அங்கும் இதே விவரம். மொரீஷியஸில் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் சிலரின் புகைப்படமே இருக்கிறது. "பெரிய தாத்தா கப்பலேறினார், திரும்பல" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், இங்கே தேடுவதைவிட அங்கே தேடுவது சுலபம். பெயரை எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். கிராமத்தை வைத்துப் பாருங்கள்.

பட்டாளத்துக்குப் போனவர்கள் இன்னொரு கூட்டம். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிற ஜில்லா இது. இரண்டு உலகப் போரிலும் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் உண்டு. உயிரோடு திரும்பியவர்களுக்கு டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் இருக்கும். எண் மட்டும் தெரிந்தால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம். ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பழைய சபைகள் இன்று சி.எஸ்.ஐ. வேலூர் பேராயத்தில் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் லூத்தரன் சபை. கத்தோலிக்கர்களுக்கு வேலூர் மறைமாவட்டம் 1952-ல்தான் வந்தது; அதற்கு முந்தியதற்குப் பங்கின் பழைய பதிவேட்டையும் சென்னை மயிலாப்பூரையும் கேட்க வேண்டும். மதம் மாறிய தலைமுறையில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் இருக்கும். முனியன் மோசேயான இடம் அதுதான். அந்த ஒரு வரியைக் கண்டால்தான் இந்து உறவினர்களின் பதிவேட்டுக்குக் கதவு திறக்கும்.

மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு. மணமக்களின் தந்தையர், வக்கீல் (மணமகள் சார்பில் பேசுபவர்), சாட்சிகள், மஹர் எல்லாம் இருக்கும். பழையவை உருதுவில் இருந்தால் படிக்கத் தெரிந்த பெரியவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

எழும்பூர் எப்போது?

கடைசியில். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஜில்லாக் காகிதங்கள், இனாம் பதிவேடுகள், அரசாணைகள் இருக்கின்றன. ஆனால் "என் பூட்டனாரைத் தேடுகிறேன்" என்று போய் நின்றால் ஒன்றும் நடக்காது. கிராமம், பழைய தாலுகா, வருஷம், பழைய சர்வே நம்பர் அல்லது இனாம் எண், இவை கையில் இருக்க வேண்டும். அனுமதிக்கு மனு, அடையாள அட்டை, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று ஒரு கடிதம் கொண்டு போங்கள். இரண்டு நாள் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அட்டவணை பார்ப்பதிலேயே போய்விடும்.

இவர்தான் அவர் என்று எப்படிச் சொல்வது?

என் விதி ஒன்று உண்டு: பெயர் ஒத்துப்போவதைச் சாட்சியாக எண்ணுவதில்லை. தகப்பன் பெயர், நிலம், வீடு இருக்கும் தெரு, மனைவி பெயர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஆகியவற்றில் இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எந்தத் தேதியில் பார்த்தேன் என்று எழுதிக்கொள்கிறேன். வம்சக்கொடியில் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியைப் பென்சிலில்தான் போடுவேன். வாத்தியார் கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொடச் சொல்லி எழுதிய தேதிகள் அவை. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. தத்து, இரண்டாம் தாரம், ஓடிப்போன கல்யாணம் எல்லாம் பதிவேட்டில் தெரியவரும். அதை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும்.

இனி 1931 பத்திரம். தாத்தாவுக்கு அப்போது பதினேழு வயது, மைனர்; அவர் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அவருடைய தாத்தா 1918 நவம்பரில் சுரத்தில் போய்விட்டதை இறப்புப் பதிவேடு சொன்னது. மிச்சம் இரண்டு பேர். பத்திரத்தின் சொத்து விவரத்தில் கடைசி வரி: "மேற்படி நம்பரிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், ஏற்ற மரமும்." அந்தக் கிணறு எங்கள் கொல்லையில் இன்னும் இருக்கிறது, பங்காளிகளுக்குள் ஆளுக்குக் கால் பாகமாக இருந்தது, எங்களுக்கு மட்டும் எப்படி அரைப் பாகம் என்று அப்பாவுக்கே தெரியாது. கடைசித் தெரு முனுசாமிக்கு அந்த நம்பரில் எந்தக் காலத்திலும் நிலம் கிடையாது. ஆக விற்றவர் பெரியப்பா மகன், வாங்கியவர் தாத்தாவின் அப்பா.

நான்காவது முனுசாமி மட்டும் பாக்கி. பசலி 1345 வரை அடங்கலில் (வருடாந்திரப் பயிர்க் கணக்கில்) அவர் பெயர் வருகிறது, அதற்குப் பிறகு இல்லை. இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. கடைசித் தெருவில் ஒரு தாத்தா, "அவரு கோலாருக்குப் போனவரு, அங்கியே தங்கிட்டாரு" என்கிறார். அடுத்த மாதம் காட்பாடியில் ரயில் ஏறி, கோலார் தங்கவயலுக்குப் பக்கத்திலுள்ள பங்காருப்பேட்டையில் இறங்கலாம் என்றிருக்கிறேன்.